ஃபோர்டு ஏ, மோரிஸ் எட்டு: நெல்லைச் சீமைக்கு எது தாங்கும்?

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய கார் ஒன்றை வாங்கி, ஷெட்டுக்குள் போர்வை போர்த்தி வைக்காமல் ஓட்டவும் வேண்டும் என்று நினைப்பவருக்கு நான் இரண்டு வண்டிகளை முன்வைப்பேன். ஒன்று, 1927 இறுதியில் அறிமுகமாகி 1931 வரை ஏறக்குறைய 48 லட்சம் உருவான ஃபோர்டு ஏ. மற்றொன்று, 1935-ல் வந்த மோரிஸ் எட்டு. காகிதத்தில் பார்த்தால் மோரிஸ்தான் முன்னேறிய வண்டி. ஆனால் வண்டி நிற்கப்போவது பாளையங்கோட்டை வெயிலில். அதனால் என் ஓட்டு ஃபோர்டுக்கே.

வெப்பத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் நம் பக்கத்தில் இதுதான் பாதி வழக்கைத் தீர்த்துவிடுகிறது. மோரிஸ் எட்டில் தண்ணீர் பம்ப் கிடையாது. என்ஜினில் சூடான நீர் தானாக மேலேறி ரேடியேட்டரின் தலைக்குப் போகும். அங்கே குளிர்ந்து கனத்து, அடிவழியாக என்ஜினுக்குத் திரும்பும். இங்கிலாந்தின் குளிருக்கு இந்த ஏற்பாடு கச்சிதம். சேரன்மகாதேவிச் சாலையில் சீரான வேகத்தில் போகும்போது நமக்கும் போதும். அதே வண்டியை மே மாதத்து மாலையில், 1843-ல் கட்டிய சுலோச்சன முதலியார் பாலத்தின் நெரிசலில் ஊர்ந்து போகச் சொல்லுங்கள். ரேடியேட்டருக்குள் காற்றும் புகாது, நீரோட்டத்தைத் தள்ள ஆளும் இல்லை, மூடி வழியே ஆவி வந்துவிடும். ஃபோர்டு ஏ-யில் பம்ப் இருக்கிறது. 3.3 லிட்டர், 40 குதிரைத்திறன் என்ஜின் அவசரமில்லாமல் சுற்றுகிறது. பம்பின் தண்டைச் சுற்றியுள்ள பேக்கிங் தளர்ந்தால் சொட்டும். அதை இறுக்கிக் கிரீஸ் வைப்பது பத்து நிமிட வேலை.

எந்த வண்டியானாலும் நாங்குநேரி, ராதாபுரம் பக்கத்துப் போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றவே கூடாது. உப்பு படிந்து குழாய்கள் அடைத்துவிடும். பேட்டரிக்கு வாங்கும் காய்ச்சி வடித்த நீரோ, ஓட்டு வீட்டுக் கூரையிலிருந்து பிடித்த மழைநீரோ போதும்.

பிரேக்கில் மோரிஸ் முந்துகிறது, அதை மறுக்க முடியாது. ஆயிலின் அழுத்தத்தால் இயங்கும் ஹைட்ராலிக் பிரேக் நான்கு சக்கரத்தையும் ஒரே அழுத்தத்தில் பிடிக்கும். ஃபோர்டில் எல்லாம் இரும்புக் கம்பிகள். ஒரு இணைப்பு தேய்ந்திருந்தாலும் வண்டி ஒரு பக்கம் இழுக்கும். ஆனால் இந்தப் பழைய கார்கள் வருடத்தில் பெரும்பகுதி சும்மா நிற்பவை. பிரேக் ஆயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சும். ஐப்பசி, கார்த்திகை அடைமழை முழுவதும் நகராமல் நின்ற மோரிஸில், சக்கர சிலிண்டருக்குள் துரு ஏறிப் பிஸ்டன் இறுகிக்கொள்ளும். கம்பி பிரேக்குக்கு அந்த நோய் இல்லை. அதைச் சரிபார்க்கும் முறையும் எளிது: நான்கு சக்கரங்களையும் தரையிலிருந்து தூக்கி நிறுத்துங்கள். இருக்கைக்கும் பெடலுக்கும் இடையே கட்டையை முட்டுக் கொடுத்துப் படிப்படியாக அழுத்தம் கூட்டுங்கள். ஒவ்வொரு படியிலும் சக்கரங்களைக் கையால் சுற்றிப் பாருங்கள். பின்சக்கரங்கள் முன்சக்கரங்களைவிடச் சற்று முன்னதாகப் பிடிக்க வேண்டும். இடதும் வலதும் ஒரே கனத்தில் சுற்ற வேண்டும். ஸ்பேனரும் பொறுமையும் உள்ள எவரும் ஒரு காலைப்பொழுதில் முடித்துவிடலாம்.

பெட்ரோல் விஷயமும் ஃபோர்டுக்கே சாதகம். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் ஊற்றுவது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பரையும் அரக்கு பூசிய தக்கையையும் எத்தனால் கெடுக்கும். மோரிஸில் பின்னால் இருக்கும் டேங்கிலிருந்து மின்சார பம்ப் பெட்ரோலை இழுக்கிறது. அந்தப் பம்புக்குள் இருக்கும் சவ்வை, அதாவது டயாஃபிரத்தை, இந்தக் காலத்துப் பெட்ரோலுக்குத் தாங்கும் வகைக்கு மாற்றியே ஆக வேண்டும். ஃபோர்டில் டேங்க் முன்கண்ணாடிக்குக் கீழே, ஓட்டுபவரின் முழங்காலுக்கு மேலே. பெட்ரோல் தன் எடையால் இறங்குகிறது, பம்பே இல்லை. இறங்கியதும் குழாயை மூடுவதைப் பழக்கமாக்கிக்கொள்ளுங்கள். மறந்தால் கார்புரேட்டர் நிறைந்து தரையில் ஒழுகும். அது தீப்பிடிக்கும் ஆபத்து.

ஃபோர்டைக் கிளப்புவதே ஒரு தனி இன்பம். முதலில் பெட்ரோல் குழாயைத் திறக்க வேண்டும். ஸ்டீயரிங்குக்கு அடியில் மீசை போல இரண்டு நெம்புகோல்கள்: ஒன்று தீப்பொறியின் நேரத்துக்கு, மற்றது பெட்ரோலுக்கு. தீப்பொறியை முழுக்க மேலே தள்ளித் தாமதமாக்கி, மற்றதைச் சில பல் கீழே இறக்கி, சோக் கம்பியை இழுத்தபடி ஸ்டார்ட்டரைக் காலால் மிதித்தால் என்ஜின் பிடித்துக்கொள்ளும். உடனே தீப்பொறி நெம்புகோலைக் கீழே கொண்டுவர வேண்டும். வண்டிக்கும் ஓட்டுபவருக்கும் இடையே இப்படியொரு பேச்சுவார்த்தை மோரிஸில் கிடையாது.

செலவில் மோரிஸ் சிக்கனம். 918 சி.சி. என்ஜின், லிட்டருக்கு 15 கிலோமீட்டர் அளவில் கொடுக்கும். ஃபோர்டு அதில் பாதி கொடுத்தால் பெரிது. டவுன் பக்கத்து ஒடுங்கிய சந்துகளுக்குள்ளும் மோரிஸ் நுழையும். வீட்டில் இடம் குறைவென்றால் இது சின்னக் காரணமல்ல.

உதிரிபாகத்தில் போட்டியே இல்லை. ஃபோர்டு ஏ-க்கு அமெரிக்காவில் கேஸ்கட் முதல் மட்கார்டு வரை ஏறக்குறைய எல்லாமே இன்றும் புதிதாகச் செய்து விற்கிறார்கள். மோரிஸுக்கு இங்கிலாந்துச் சங்கங்களே துணை. டயரை இரண்டுக்கும் வெளியிலிருந்துதான் தருவிக்க வேண்டும். பேரிங்கில் இரண்டுமே வெள்ளை ஈயம் வார்த்த பழைய வகை. பழைய ஆயில் என்ஜின்களுக்கு ஈயம் வார்த்துப் பழகிய கடைசல்காரர் யாராவது உங்கள் ஊர்ப்பக்கம் இருந்தால், வண்டியைத் தேடுவதற்கு முன் அவரைத் தேடிப் பிடியுங்கள். “அண்ணாச்சி, அளவு சொல்லுங்க” என்று கேட்கும் ஒரு மனிதர் கிடைத்தால் பாதிக் கவலை தீர்ந்தது.

காட்சிக்கு வைக்கும்போது ஒரு நுட்பம் உண்டு. உலகப் பழங்கார் கூட்டமைப்பான ஃபிவா, 1919 முதல் 1930 வரையிலானவற்றை ‘விண்டேஜ்’ என்றும், 1931 முதல் 1945 வரையிலானவற்றை அதற்கு அடுத்த வகுப்பு என்றும் பிரிக்கிறது. ஆகவே 1930 ஃபோர்டு ஒரு வகுப்பு, 1931 ஃபோர்டும் போருக்கு முந்தைய மோரிஸ் எட்டும் வேறு வகுப்பு. இந்திய அரசின் 2021 விதிப்படி, 50 வயது தாண்டி, அசல் வடிவம் மாறாத வண்டிக்கு விண்டேஜ் பதிவு பெறலாம். புதிய பதிவுக்கு ரூ.20,000, பத்தாண்டு செல்லும். ஏற்கெனவே பதிவான வண்டி பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பதிவோடு அன்றாடம் சாலையில் ஓட்ட முடியாது. கண்காட்சி, பேரணி, பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டுமே அனுமதி. ஞாயிறுதோறும் குற்றாலச் சாரலுக்கு ஓட்டிப் போகும் கனவு உள்ளவர் இதை முதலிலேயே யோசிக்க வேண்டும்.

அதே காலத்து ஆறு சிலிண்டர் செவர்லே பற்றியும் கேட்பார்கள். அருமையான என்ஜின். ஆனால் 1930-களின் நடுப்பகுதி வரை அதன் தகட்டுக்கு உள்ளே மரச்சட்டம். நம் ஊர்க் கரையானை நினைத்தால், சட்டத்தைத் தட்டிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்க எனக்கு மனம் வராது.

ஃபோர்டு என்று முடிவு செய்தவர் என்ஜினின் பக்கவாட்டில் பொறித்த எண்ணை ஆர்.சி. புத்தகத்தோடு ஒப்பிடுங்கள். அதே எண் சட்டகத்திலும் உண்டு. ஆனால் பாடிக்கு அடியில் மறைந்திருப்பதால் பாடியைத் தூக்கினால்தான் தெரியும். பல கைமாறிய வண்டிகளில் என்ஜின் மாறியிருப்பது சகஜம். எண் பொருந்தவில்லை என்றால் பேரத்தை அங்கேயே நிறுத்தி, பதிவு அலுவலகத்தில் விசாரித்த பிறகு பணத்தைப் பற்றிப் பேசுங்கள்.