ஜஸ்ட்: ஒரே சொல்லை வைத்து ஓர் அகராதியை எடை போடுவோம்

ஆங்கில அகராதிச் செயலி ஒன்று தேறுமா என்று பார்க்க ஒரு சொல் போதும்: ஜஸ்ட். ஆங்கிலப் பேச்சில் மூச்சுக்கு முந்நூறு தடவை வரும் வினையடை அது. தேடிப் பாருங்கள். முதல் வரியிலேயே 'நியாயமான, நீதியுள்ள' என்று வந்து, அதோடு நின்றுவிட்டால் அந்தச் செயலி அன்றாட ஆங்கிலத்துக்கு உதவாது. இருமொழிச் செயலிகள் பலவற்றின் நிலை இதுதான். பொருள் தப்பில்லை. 'நேர்மையான' என்று பொருள்படும் லத்தீன் சொல்லில் பிறந்ததுதான் ஜஸ்ட். ஆனால் பத்துப் பேர் பேச்சில் காதில் விழும் ஜஸ்ட்டுக்கும் நீதிக்கும் சம்பந்தமே இருக்காது.

ஆங்கிலம் கற்பவர்களுக்கான லாங்மன் அகராதி (லாங்மன் டிக்‌ஷனரி ஆஃப் கன்டெம்பரரி இங்கிலீஷ்) இந்தச் சோதனையில் தேறுகிறது. 1978இல் முதல் பதிப்பு வந்தது; இப்போது இணையத்தில் இலவசமாகவே பார்க்கலாம். வினையடையை முதலில் வைத்து, 'நியாயமான' என்ற பெயரடையைத் தனிப் பதிவாகப் பிரித்திருக்கிறார்கள். பக்கத்தில் எஸ்1, டபிள்யூ1 என்ற குறிகள் தெரியும். பேச்சிலும் எழுத்திலும் மிக அதிகமாக வரும் முதல் 1,000 சொற்களில் இது ஒன்று என்று பொருள். விளக்கங்களை ஏறக்குறைய 2,000 எளிய சொற்களுக்குள் எழுதியிருப்பதால், ஒரு சொல்லைப் பார்க்கப் போய் இன்னொன்றைத் தேட வேண்டியதில்லை.

இதன் பெரிய பலம் எடுத்துக்காட்டு வாக்கியங்களின் ஒலிப்பதிவு. தனியாகச் சொன்னால் 'ஜஸ்ட்' என்று முழுசாகக் கேட்கும். ஓட்டமான பேச்சில் 'ஜஸ்ட் நவ்' என்பது 'ஜஸ் நவ்' என்றே விழும், கடைசி 'ட்' கரைந்துவிடும். காது பழகாதவர்கள் சொல்லையே தவறவிடுவது இதனால்தான்.

குறை: தமிழ் இல்லை. அதை நாமே எழுதிக்கொள்ள வேண்டும். ஐந்து வரி போதும்.

ஐ ஹேவ் ஜஸ்ட் ஈட்டன்: இப்போதுதான் சாப்பிட்டேன். அமெரிக்கர்கள் 'ஐ ஜஸ்ட் ஏட்' என்றும் சொல்வார்கள், இரண்டும் சரி. இட்ஸ் ஜஸ்ட் எ ஸ்க்ராட்ச்: வெறும் கீறல்தான். தட்ஸ் ஜஸ்ட் வாட் ஐ நீட்: எனக்கு வேண்டியது இதேதான். ஹி ஜஸ்ட் பாஸ்ட்: எப்படியோ தேறிவிட்டான். ஐ ஜஸ்ட் வாண்டட் டு ஆஸ்க்: சும்மா கேட்கலாம் என்றுதான். நான்காவது பொருளைத் தமிழ்ப் பேச்சு எப்போதோ சொந்தமாக்கிக்கொண்டது: ஜஸ்ட் மிஸ், ஜஸ்ட் பாஸ். ஐந்தில் நான்கு வரிகளில் 'தான்' வந்து உட்கார்ந்திருப்பதைக் கவனியுங்கள். ஜஸ்ட்டுக்கு நெருங்கிய உறவு நம்முடைய 'தான்'. அதை எந்த இருமொழிச் செயலியாவது முதலில் போட்டால் மனதாரப் பாராட்டலாம்.

மொழிபெயர்ப்புச் செயலிகள் சறுக்குவது 'ஹி ஜஸ்ட் பாஸ்ட்' மாதிரி இடங்களில். 'இப்போதுதான் தேறினான்' என்றும் அதைப் படிக்கலாமே! ஒற்றை வாக்கியத்தைக் கொடுத்தால் எதையாவது ஒன்றைத்தான் அது தேர்ந்தெடுக்க முடியும். முன்னும் பின்னும் உள்ள வாக்கியங்களையும் சேர்த்துக் கொடுங்கள்.

அகராதிப் பதிவை மட்டும் படித்தால் போதாத இடமும் ஒன்று உண்டு: சொல் நிற்கும் இடம். 'ஹி இஸ் நாட் ஜஸ்ட் லேஸி' என்றால் சோம்பேறி என்பதோடு முடியவில்லை, வேறு குறையும் இருக்கிறது. 'ஹி இஸ் ஜஸ்ட் நாட் லேஸி' என்றால் அவனிடம் சோம்பலே கிடையாது. இரண்டு சொல் இடம் மாறியதில் திட்டு பாராட்டாகிவிட்டது. தேர்விலும் மின்னஞ்சலிலும் அதிகம் பிசகுவது இங்கேதான். குரலும் பொருளை மாற்றும். கட்டளையில் ஜஸ்ட்டை மென்மையாகச் சொன்னால் 'சும்மா உட்காருங்கள்', அழுத்திச் சொன்னால் 'பேசாமல் உட்கார்'.

கைப்பேசியில் லாங்மனின் ஜஸ்ட் பதிவு நீளமாகத்தான் தெரியும், விரல் வலிக்கத் தள்ள வேண்டும். அதனால் தொடர்களைத் தனிச்சொல்லாகத் தேடாதீர்கள். 'ஜஸ்ட் இன் கேஸ்' என்று முழுசாகத் தட்டினால் 'எதற்கும் இருக்கட்டும்' என்ற பொருள் நேராகக் கிடைக்கும். 'ஜஸ்ட் அபௌட்' என்றால் 'கிட்டத்தட்ட'.