ரயில் போன தடம், லாரி போகும் சாலை, மலை முகடு: கிராவல் சைக்கிளுக்கு எது?

மலையும் காடுமாக இருக்கும் பகுதியில் கிராவல் சைக்கிள் (சரளை, மண் வழிகளுக்கான, சற்று அகலமான டயர் கொண்ட சைக்கிள்) ஓட்டத் திட்டமிடுபவர்கள் முதலில் பார்ப்பது தூரத்தை, அடுத்து மொத்த ஏற்றத்தை. 60 கி.மீ., 900 மீட்டர் என்று இரண்டு எண்கள் கையில் வந்ததும் வழி புரிந்துவிட்டது போலத் தோன்றும். என்னைக் கேட்டால், அதற்கும் முன்னால் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: இந்த வழி முதலில் எதற்காக உண்டானது? காட்டுக்குள் கிடைக்கும் சரளை வழிகளில் பெரும்பாலானவை மூன்று வகைக்குள் வந்துவிடும். ரயில் ஓடி நின்றுபோன பழைய தடம், மரம் ஏற்றும் லாரிக்காகப் போட்ட சாலை, முகட்டை ஒட்டி ஆட்கள் நடந்து நடந்து விழுந்த பாதை. மூன்றும் ஒரே மலையில் இருக்கலாம். ஓட்டிப் பார்த்தால் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இருக்காது.

ரயில் தடத்திலிருந்து தொடங்கலாம். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்குப் பிடிப்பு குறைவு. அதனால் ரயில் பாதை போட்டவர்கள் ஏற்றத்தைப் பெரும்பாலும் இரண்டு, மிஞ்சினால் மூன்று சதவீதத்துக்குள் அடக்கினார்கள். அதாவது நூறு மீட்டர் போனால் இரண்டு, மூன்று மீட்டர்தான் உயரும். அதற்காக மேட்டை வெட்டினார்கள், பள்ளத்தில் கரை எழுப்பினார்கள், வேறு வழியே இல்லாத இடத்தில் சுரங்கம் குடைந்தார்கள். அந்தச் செலவின் பலனை இன்று நம் முழங்கால்கள் அனுபவிக்கின்றன. அமெரிக்காவில் பிட்ஸ்பர்கிலிருந்து கம்பர்லேண்ட் வரை போகும் கிரேட் அலிகேனி பாசேஜ் நல்ல உதாரணம். சுமார் 240 கி.மீ. நீளம், பெரும்பகுதி நொறுக்கிய சுண்ணாம்புக்கல் பரப்பு. அப்பலாச்சிய மலைகளையே தாண்டுகிற இந்த வழியின் உச்சி 729 மீட்டர். பிட்ஸ்பர்க் பக்கமிருந்து வந்தால் ஏற்றம் ஒரு சதவீதத்தைத் தொடுவதில்லை. கம்பர்லேண்ட் பக்கமிருந்து ஏறினாலும் இரண்டு சதவீதத்துக்குள்தான்.

அந்த இரண்டு சதவீதம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு ஒரு கணக்கு. ஆள், சைக்கிள், பை எல்லாம் சேர்த்து 85 கிலோ என்று வைத்துக்கொள்வோம். 2 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் போக, புவியீர்ப்பைச் சமாளிக்க மட்டும் சுமார் 70 வாட் போதும். 10 சதவீத ஏற்றத்தில் மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தாலும் அது 185 வாட் ஆகிவிடும். முன்னதைப் பேசிக்கொண்டே ஓட்டலாம். பின்னதில் பேச்சு தானாக நின்றுவிடும்.

ஆனால் ரயில் தடம் சுலபம் என்பதில் ஒரு பாதிதான் உண்மை. அங்கே இறக்கம் என்று சொல்லும்படி எதுவும் இல்லாததால் மிதிப்பதை நிறுத்த முடியாது. மணிக்கணக்கில் ஒரே உட்காரல், ஒரே கைப்பிடி. கால் வலிக்கும் முன்பே இடுப்பும் உள்ளங்கையும் முணுமுணுக்கத் தொடங்கும். சுரங்கத்துக்கு விளக்கு வேண்டும். இதே வழியில் இருக்கும் பிக் சாவேஜ் சுரங்கம் ஏறக்குறைய ஒரு கி.மீ. நீளம், குளிர்காலத்தில் அடைத்துவிடுவார்கள். இன்னொரு வேடிக்கையும் உண்டு. வழித்திட்டச் செயலிகள் பல, தரையின் உயரத்தைத்தான் எடுத்துக்கொள்கின்றன. எனவே சுரங்கம் வரும் இடத்தில் வரைபடம் பெரிய மலை ஒன்றைக் காட்டும், பாலத்தில் திடீர்ப் பள்ளம் காட்டும். ரயில் தடத்தின் ஏற்றக் கோட்டில் அப்படி ஒரு முள் நின்றால் பயப்பட வேண்டாம்.

கம்பர்லேண்டிலிருந்து வாஷிங்டன் வரை இதன் தொடர்ச்சியாக 297 கி.மீ. நீளமுள்ள சி அண்ட் ஓ கால்வாய்க் கரைப் பாதை இருக்கிறது. படகை இழுத்த கோவேறு கழுதைகளுக்காக உண்டான பாதை என்பதால் தட்டை. ஆனால் பல இடங்களில் வெறும் மண், மழை பெய்தால் சேறு. மலையே இல்லாத வழி மலை வழியைவிடக் களைப்பைத் தரலாம் என்பதற்கு இது போதும்.

இப்போது லாரிச் சாலை. கிராவல் சைக்கிளின் இயல்பான வீடு என்று நான் நினைப்பது இதைத்தான். பாரம் ஏற்றிய லாரி ஏற வேண்டும் என்பதால் ஏற்றம் பெரும்பாலும் 8 முதல் 10 சதவீதத்துக்குள் இருக்கும். குறுகிய தூரம் அதைத் தாண்டலாம். கொண்டை ஊசி வளைவுகள் அகலமானவை, ஓரத்தில் வடிகால் இருக்கும், நடுப்பகுதி சற்று உயர்ந்திருக்கும். மழை நின்ற கொஞ்ச நேரத்திலேயே ஓட்டத் தகுந்ததாகிவிடும். ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியில் இந்தச் சாலைகளுக்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. பாடன்-வூர்ட்டம்பர்க் மாநில வனச் சட்டப்படி, காட்டில் இரண்டு மீட்டருக்கும் குறைவான அகலமுள்ள வழியில் பொதுவாக சைக்கிள் ஓட்டக் கூடாது. சட்டமே உங்களை அகலமான சாலைக்கு அனுப்பிவிடுகிறது.

இதன் தொல்லைகள் இறக்கத்தில் தெரியும். புதிதாகச் சரளை கொட்டிய சாலையில் முன்சக்கரம் மிதக்கும். காய்ந்த, உதிரிப் பரப்பில் வண்டிகள் வேகமாக ஓடி ஓடிக் குறுக்குவாட்டில் வரிவரியாக மேடு விழும், அதில் கை உதறிப்போகும். மழைநீரைத் திருப்பிவிடச் சாலைக்குக் குறுக்கே சாய்வாக வெட்டிய வாய்க்கால்தான் எனக்கு எல்லாவற்றையும்விட அச்சம். நிழல் விழுந்த இடத்தில் அது கண்ணுக்குத் தெரியவே தெரியாது. மரம் வெட்டும் பருவம் என்றால் வளைவுக்கு அந்தப்பக்கம் லாரி வரக்கூடும், சில பகுதிகளை மூடியும் வைப்பார்கள். அந்தப் பலகையைத் தாண்டிப் போவது வீரம் இல்லை.

மூன்றாவது, முகட்டு வழி. படங்களில் அழகாக வருவது இதுதான், ஏமாற்றுவதும் இதுதான். முகடு என்றாலே மேலே சமமாகப் போகும் என்று தோன்றும். உண்மையில் சிகரத்துக்கும் சிகரத்துக்கும் நடுவே கணவாய் வரும். ஒவ்வொன்றிலும் முப்பது, ஐம்பது மீட்டர் இறங்கி, அப்படியே திரும்ப ஏற வேண்டும். நடப்பவர்கள் உண்டாக்கிய பாதை நேராக ஏறும், வளைந்து கொடுக்காது. வேரும் கல்லும் சேர்ந்தால் இறங்கித் தள்ள வேண்டியதுதான். ஜெர்மனியின் துரிங்கியக் காட்டில் இருக்கும் ரென்ஸ்டைக் என்ற முகட்டு வழி இதைத் தெளிவாகக் காட்டும். நடைவழி சுமார் 170 கி.மீ., அதற்கு இணையான சைக்கிள் வழி ஏறத்தாழ 200 கி.மீ. செங்குத்தான, குறுகிய இடங்களைச் சுற்றிக்கொண்டு போவதால் வரும் கூடுதல் அது. வரைபடத்தில் நடைவழியின் கோட்டைப் பிடித்துக்கொண்டு போனால் தூரம் மிச்சமாகும், நேரம் மிச்சமாகாது.

முகட்டுக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டியதும் இருக்கிறது. காற்றும் வெயிலும் படுவதால் பள்ளத்தாக்கை விடச் சீக்கிரம் காயும், கோடையில் புழுக்கம் குறைவு. ஆனால் தண்ணீர் கிடைக்காது, ஊற்றெல்லாம் கீழேதான். இடி வரும் அறிகுறி தெரிந்தால் மேலே இருக்கவே கூடாது.

டயர் விஷயத்தில் நீண்ட விவாதம் தேவையில்லை. ரயில் தடத்துக்கு 38 மி.மீ. போதும், லாரிச் சாலைக்கு 42 அல்லது 45, முகட்டுக்குச் சைக்கிள் ஏற்கும் அளவுக்கு அகலம். கியரில் மட்டும் கஞ்சத்தனம் கூடாது. லாரிச் சாலையில் மூட்டையோடு ஏறப் போகிறீர்கள் என்றால், பின்பக்கத்துப் பெரிய பல்சக்கரம் முன்பக்கத்துச் சிறிய பல்சக்கரத்தைவிடக் கொஞ்சமாவது பெரிதாக இருக்கட்டும்.

சரி, ஒரே நாள்தான் இருக்கிறது, மூன்றும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன என்றால்? காலையில் கால் புதிதாக இருக்கும்போது லாரிச் சாலையில் ஏறுங்கள். முகட்டில் சைக்கிளுக்கு அனுமதி உள்ள, அகலமான ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். வெளிச்சம் இருக்கும்போதே இன்னொரு லாரிச் சாலையில் இறங்கிவிட்டால், திரும்பும் தூரத்தை ரயில் தடம் பார்த்துக்கொள்ளும். வரிசையை மாற்றி, களைத்த கையோடு மாலை மங்கலில் சரளை இறக்கத்தில் பிரேக் பிடிப்பதை மட்டும் நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.