கோல்ஸ்லா டிரெஸ்ஸிங்: மயோனைஸா, வினிகரா?

கோல்ஸ்லாவுக்கு, அதாவது கோஸ் சாலட்டுக்கு, கோலாலம்பூர் வெயில்ல நான் வினிகர் பக்கம்தான். மயோனைஸ் வகை ஈஸி, அரை கப் மயோனைஸ், ஒரு மேசைக்கரண்டி வினிகர், கொஞ்சம் சீனி, மிளகுத்தூள் போட்டு கலக்குனா ரெடி, பொரிச்ச கோழிக்கு செம்ம ஜோடி, ஆனா பண்டிகைக்கு வீட்டுல எல்லாரையும் கூப்பிட்டு விருந்து வைக்கிற ஓப்பன் ஹவுஸ்ல ரெண்டு மணி நேரத்துக்கு மேல வெளிய வைக்கக்கூடாது, கோஸ் தண்ணி விட்டு டிரெஸ்ஸிங்கும் நீர்த்துப்போயிரும். அதனால எதுக்குன்னாலும் நறுக்கின கோஸ்ல முதல்ல உப்பு பிசறி அரை மணி நேரம் வச்சு நல்லா பிழிஞ்சிருங்க.

வினிகர் வகைக்கு வினிகர், சீனி, எண்ணெய் மூணையும் ஒரு கொதி விட்டு சூடாவே கோஸ் மேல ஊத்தணும், ஃப்ரிட்ஜ்ல வச்சா மறுநாள் இன்னும் ருசி ஏறிரும். ஆறுனதும் ரெண்டு லீமாவ் கஸ்தூரி (குட்டி எலுமிச்சை மாதிரி பழம்) பிழிஞ்சு பாருங்க, அந்த வாசமே வேற லா! முட்டையும் இல்ல, சைவக்காரங்களுக்கும் தாராளமா வைக்கலாம்.