ஜெயநகர் குடல் நோய் கிளினிக்: மருந்தைத் தேர்ந்தெடுப்பதில் நோயாளிக்கும் இடம் உண்டு

பெருங்குடலின் உட்சுவரில் வீக்கமும் புண்ணும் உண்டாக்கும் அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் நோய்க்கு என் தம்பி சில ஆண்டுகளாகச் சிகிச்சை பெற்று வருகிறான். அல்சூரில் குடியிருந்து வாடகைக் கார் ஓட்டும் அவனை, பெங்களூரு ஜெயநகரில் உள்ள ஒரு குடல் நோய் கிளினிக்குக்கு அழைத்துச் சென்றேன். எந்த மருந்து என்று முடிவெடுக்கும் கட்டத்தில் அங்கு நோயாளியை எப்படி நடத்துகிறார்கள் என்பதைப் பற்றியே இந்த மதிப்பீடு.

முன்பு பார்த்த மருத்துவமனையில், ரத்தப்போக்கு வரும்போதெல்லாம் ஸ்டீராய்டு மாத்திரை எழுதித் தருவார்கள். அளவைக் குறைத்ததும் நோய் திரும்பும். மறுபடியும் அதே மாத்திரைதான். ஸ்டீராய்டு நோயின் வேகத்தைத் தணிக்குமே தவிர அது மீண்டும் வராமல் காக்காது என்பதையும், நீண்ட காலம் எடுத்தால் எலும்பு தேயும், சர்க்கரை ஏறும் என்பதையும் அங்கே யாரும் எங்களிடம் சொல்லவில்லை. ஆசனவாய் வழியே குடலுக்குள் செலுத்தும் மெசலமைன் எனிமா மருந்தைத் தம்பி பாதியில் நிறுத்தியிருந்தான். ஏன் என்று கேட்பாரும் இல்லை.

ஜெயநகரில் முதல் கேள்வியே அதுதான். அம்மாவும் பிள்ளைகளும் ஒரே அறையில் உறங்கும் வீட்டில் எனிமா வைத்துக்கொண்டு படுக்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது என்பது, அவன் பதில் சொன்னபோதுதான் எனக்கே தெரிய வந்தது. "வண்டியில ஆள் இருக்கும்போது அவசரம் வந்தா என்ன பண்றீங்க?" என்று மருத்துவர் அடுத்துக் கேட்டார். "ஏர்போர்ட் சவாரியே எடுக்கிறதில்ல டாக்டர்" என்றான் தம்பி. நல்ல வருமானம் தரும் சவாரி அது. ரத்தப் பரிசோதனை, குடல் வீக்கத்தைக் காட்டும் கால்ப்ரொடெக்டின் புரதம் மலத்தில் உள்ள அளவு ஆகியவற்றுக்குக் கீழே, 'விமான நிலையம் வரை நிறுத்தாமல் ஓட்ட வேண்டும்' என்பதையும் சிகிச்சையின் இலக்காக அவர் கோப்பில் எழுதிக்கொண்டார். 2021-இல் வெளிவந்த ஸ்ட்ரைட்-2 பன்னாட்டுப் பரிந்துரைகள், குடல் புண் ஆறுவதோடு வாழ்க்கைத் தரம் மீள்வதையும் நீண்ட கால இலக்காக வைக்கின்றன. அதை ஒரு ஓ.பி. அறையில் நடைமுறையாகக் கண்டது எனக்குப் பெரிய ஆறுதல்.

அடுத்த சந்திப்பில் மூன்று வழிகளை விளக்கினார்கள். நோய் எதிர்ப்பு சக்தியை அடக்கும் அசதியோப்ரின் மாத்திரை விலை குறைவு. ஆனால் முழுப் பலன் தெரிய மூன்று மாதம் வரை ஆகலாம், வெள்ளணுக்கள் குறைகின்றனவா என்று அடிக்கடி ரத்தம் பார்க்க வேண்டும். இந்தியர்களிடம் ஓரளவு பரவலாகக் காணப்படும் ஒரு மரபணு மாற்றம் இருந்தால் அந்தக் குறைவு கடுமையாகலாம் என்பதால், தொடங்குமுன் அதற்கும் பரிசோதனை உண்டு. இன்ஃப்ளிக்ஸிமாப் ஊசியை முதல் நாள், 2-வது வாரம், 6-வது வாரம், பிறகு 8 வாரத்துக்கு ஒரு முறை மருத்துவமனையில் இருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். உடலில் காசநோய் மறைந்திருக்கிறதா என்று முன்னதாகவே பார்த்தாக வேண்டும். டோஃபாசிடினிப் மாத்திரை விரைவில் வேலை செய்யும். அக்கி வரலாம், புகைப்பவர்களுக்கு ரத்தம் உறையும் ஆபத்தும் கூடும். ஒவ்வொன்றுக்கும் மாதம் என்ன செலவாகும் என்பதை, நாங்கள் கேட்பதற்கு முன்பே தாளில் எழுதிக் கொடுத்தார்கள். வீட்டில் பேசிவிட்டு வாருங்கள் என்று அனுப்பியதுதான் எனக்கு மிகவும் பிடித்தது.

பீடிப் பழக்கம் உள்ள தம்பி அசதியோப்ரினைத் தேர்ந்தெடுத்தான். மருத்துவரின் முதல் யோசனை இன்ஃப்ளிக்ஸிமாப்பாக இருந்தது; ஆயினும், மூன்று மாதத்தில் குணம் தெரியாவிட்டால் மாற்றிக்கொள்வது என்ற உடன்பாட்டுடன் ஏற்றுக்கொண்டார், அது வரை ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைக்கும் அட்டவணையும் தந்தார். நோய் கடுமையாகி மருத்துவமனையில் சேர்க்க வேண்டிய நிலையில் இவ்வளவு நிதானத்துக்கு நேரம் இருக்காது என்பதையும் அவர் மறைக்கவில்லை.

குறைகளும் உண்டு. விளக்கத் தாள் ஆங்கிலத்திலும் கன்னடத்திலும் மட்டுமே இருக்கிறது. தமிழ் பேசும் நர்ஸ் அம்மா பணியில் இருந்ததால் வரி வரியாகச் சொல்லிப் புரிய வைத்தார், அவர் இல்லாத நாளில் எங்கள் அம்மாவைப் போன்றவர்களுக்குச் சிரமமே. காத்திருக்கும் கூடத்துக்குக் கழிப்பறை ஒன்றுதான்; இந்த நோயாளிகளுக்கு அது போதவே போதாது. கட்டணமும் சாதாரண ஓ.பி.யை விடக் கூடுதல். போகிறவர்கள் பழைய கொலோனோஸ்கோபி அறிக்கைகளையும் இதுவரை எடுத்த மருந்துச் சீட்டுகளையும் தவறாமல் கொண்டு செல்லுங்கள்; முதல் சந்திப்பில் அவற்றை முழுவதும் படித்துவிட்டே பேசத் தொடங்குகிறார்கள்.