காரைக்குடியில் ஆர்டிஎல்-எஸ்டிஆர்: ஹாம் ரேடியோவைக் கேட்டுப் பழக ஒரு கருவியும் சில இலவசச் சேவைகளும்

உரிமம் பெற்ற ஆர்வலர்கள் பொழுதுபோக்காக ஒருவரோடொருவர் பேசும் வானொலியான ஹாம் ரேடியோவில் ஆர்வம் கொண்டு செட்டிநாட்டுப் பகுதியிலிருந்து விசாரிக்கும் இளைஞர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, எந்தக் கைக்கருவியை வாங்கலாம் என்பதைத்தான். கைக்கருவியை விட்டுவிட்டு, ஆர்டிஎல்-எஸ்டிஆர் என்று அழைக்கப்படும் யுஎஸ்பி அலைவாங்கி ஒன்றை வாங்குங்கள் என்பதே என் பரிந்துரை. கைக்கருவிகள் பெரும்பாலும் பயன்படுத்தும் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டிலேயே செல்பவை. அருகில் ரிப்பீட்டரோ (சமிக்ஞையை வாங்கித் திரும்ப அனுப்பும் நிலையமோ) பேசுவதற்கு ஆளோ இல்லாத ஊரில் கைக்கருவி நாளெல்லாம் மௌனமாகவே இருக்கும், உரிமம் இல்லாமல் அதன் பொத்தானை அழுத்தவும் கூடாது. கேட்கும் கருவியோ வாங்கிய அன்றே வேலை செய்யத் தொடங்குகிறது.

இதன் வரலாறு சுவையானது. ரியல்டெக் நிறுவனத்தின் ஆர்டிஎல்2832யூ என்ற சிப்பு, கணினியில் டிஜிட்டல் தொலைக்காட்சி பார்ப்பதற்காக உருவாக்கப்பட்டது. அந்தச் சிப்பிலிருந்து பதப்படுத்தப்படாத அலைத்தரவை அப்படியே கணினிக்கு எடுத்துவிடலாம் என்பது 2012ஆம் ஆண்டில் ஆர்வலர்களிடையே பரவியது. அன்றிலிருந்து மலிவான டிவி டோங்கிள் பரந்த வீச்சுடைய அலைவாங்கியாக மாறிவிட்டது. ஒரே நேரத்தில் ஏறத்தாழ 2.4 மெகாஹெர்ட்ஸ் அகலத்தைத் திரையில் காட்டும் என்பதால், ஹாம்களுக்கு ஒதுக்கப்பட்ட ஓர் அலைவரிசையின் முழு நடமாட்டத்தையும் ஒரே பார்வையில் காணலாம். குமிழைத் திருப்பித் திருப்பித் தேடிய பழைய வானொலிக்காரர்களுக்குக் கிடைக்காத வசதி இது.

வாங்கும்போது விலையை மட்டும் பார்க்கக் கூடாது. உலோகக் கூடு, வெப்பத்தால் அலைவெண் நகராமல் காக்கும் டிசிஎக்ஸ்ஓ படிகம், திருகிப் பொருத்தும் எஸ்எம்ஏ ஆன்டெனா இணைப்பி ஆகிய மூன்றும் உள்ளதையே தேர்ந்தெடுக்க வேண்டும். பிளாஸ்டிக் கூட்டில் வரும் மலிவான டோங்கிள்கள் சித்திரை வெயிலில் சூடேறி, டிஜிட்டல் சமிக்ஞைகளைப் பிடிக்க முடியாத அளவுக்கு அலைவெண் விலகிப் போகின்றன. அதைவிட முக்கியமானது 3 முதல் 30 மெகாஹெர்ட்ஸ் வரையிலான சிற்றலைப் பகுதி. அடிப்படை டோங்கிள் 24 மெகாஹெர்ட்ஸுக்கு மேல்தான் கேட்கும். சில மாதிரிகள் அலைவெண்ணைத் தேர்ந்தெடுக்கும் பகுதியான டியூனரைத் தவிர்த்துவிட்டு அலையை நேரடியாகச் சிப்புக்குச் செலுத்திச் சிற்றலையைக் காட்டுகின்றன. ஆனால் சிப்பு 28.8 மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் மாதிரி எடுப்பதால் 14.4 மெகாஹெர்ட்ஸை மையமாகக் கொண்டு பிம்பம் விழுகிறது, 14.6இல் இருக்கும் நிலையம் 14.2இலும் தோன்றுகிறது. தாழ்ந்த அலைவெண்ணை உயர்த்தித் தரும் அப்கன்வெர்ட்டர் உள்ளேயே பொருத்தப்பட்ட புதிய மாதிரிகளில் இந்தக் குழப்பம் இல்லை. சற்றுக் கூடுதல் விலை கொடுத்து அதையே வாங்குவது நல்லது. எதை வாங்கினாலும் அலையை அளக்கும் துல்லியத்துக்கு எட்டு பிட் என்ற எல்லை உண்டு: வலுவான நிலையம் ஒன்று அருகில் இருந்தால் மெலிந்த சமிக்ஞைகள் அதில் அமிழ்ந்துவிடும். கெயினை (சமிக்ஞையைப் பெருக்கும் அளவை) முழுவதும் ஏற்றாமல், இரைச்சல் மட்டம் சற்றே உயரத் தொடங்கும் இடத்தில் நிறுத்தப் பழகினால் இதைப் பெருமளவு சமாளிக்கலாம்.

கருவியைவிட ஆன்டெனாதான் பெரிது என்று ஹாம்கள் சொல்வது முழு உண்மை, அந்த வகையில் செட்டிநாட்டு வீடுகள் பெரும் வாய்ப்பு. முகப்பு ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலுமாக நீளும் வீட்டில், 7 மெகாஹெர்ட்ஸுக்கான அரை அலை டைபோலுக்கு (நடுவில் கேபிள் இணைக்கும் நேர்க் கம்பி ஆன்டெனாவுக்கு) வேண்டிய 20 மீட்டர் எளிதாகக் கிடைக்கிறது. பெரிய வீடுகளில் 3.6 மெகாஹெர்ட்ஸுக்கு வேண்டிய 40 மீட்டரையும் ஒரே நேர்கோட்டில் கட்டிவிடலாம். சென்னை அடுக்ககங்களில் வாழும் ஹாம்கள் பால்கனிக் கம்பியில் சுருளாகச் சுற்றிவைத்துத் தவிப்பதை நினைத்தால், இந்த நீளத்தின் அருமை புரியும். வீட்டு வயரிங்குக்கு விற்கும் சாதாரணத் தாமிர வயரே போதும். வெறும் கேட்பதற்கு மட்டும் என்பதால், கேபிள் டிவிக்காரர் பயன்படுத்தும் 75 ஓம் கேபிளையே கீழே இறக்கிக்கொள்ளலாம். சமிக்ஞை இழப்பில் வேறுபாடு தெரியாது. மின்கம்பிகளின் அருகிலோ குறுக்கிலோ எந்த வயரையும் கட்டக் கூடாது. வீடு பங்காளிகளுக்குப் பொதுவானதாக இருந்தால், ஓட்டின் மேல் ஏறுவதற்கு முன் அனைவரிடமும் சொல்லி ஒப்புதல் பெற்றுக்கொள்வதே முறை. ஓடு உடைந்து வளவில் (உள்முற்றத்தைச் சுற்றிய பகுதியில்) மழைநீர் ஒழுகினால் அந்த மனத்தாங்கல் எளிதில் தீராது.

மாடி உயரத்தில் கட்டிய இத்தகைய டைபோல், 7 மெகாஹெர்ட்ஸில் பெரும்பாலும் வானை நோக்கியே கேட்கும், ஏனெனில் அதன் உயரம் கால் அலைநீளமான 10 மீட்டருக்கும் குறைவு. இது குறையன்று. மேல் வளிமண்டலத்தின் மின்னூட்ட அடுக்கான அயனி மண்டலத்தில் பட்டுச் செங்குத்தாகத் திரும்பும் அலைகள் சில நூறு கிலோமீட்டர் வட்டத்துக்குள் வந்து இறங்குவதால், காலை நேரத்தில் தமிழகம், கேரளம், கருநாடகம், இலங்கை ஆகிய பகுதிகளின் குரல்கள் தெளிவாக வருகின்றன. எல்எஸ்பி எனப்படும் கீழ் பக்கப்பட்டை முறையைத் தேர்ந்துகொண்டு பொறுமையாக உட்கார்ந்தால், தமிழிலேயே நடக்கும் உரையாடல்களும் காதில் விழும். ஒவ்வொரு ஹாமுக்கும் உரிய அடையாளமான அழைப்புக்குறியைச் சொல்லும் விதம், சமிக்ஞை மதிப்பீடு கொடுக்கும் விதம், ஒருவர் முடித்த பிறகு அடுத்தவருக்கு இடம் விடும் பண்பு ஆகியவற்றைப் புத்தகத்தில் படிப்பதைவிட இப்படிக் கேட்டுப் பழகுவது நெடுநாள் நிற்கும்.

இரைச்சல் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மலிவான எல்ஈடி விளக்குகளும் இன்வெர்ட்டர்களும் கைப்பேசிச் சார்ஜர்களும்தான் இன்று சிற்றலையின் முதல் எதிரிகள். நம் ஊர்த் தெருக்களில் பல வீடுகள் ஆண்டின் பெரும்பகுதி பூட்டியே கிடக்கின்றன. அது வருத்தத்துக்குரிய செய்திதான், ஆனால் அதனாலேயே இரவில் இங்கே இரைச்சல் மட்டம் நகரங்களைவிடக் குறைவாக இருப்பதை என் திரையில் கண்டு வருகிறேன். கணினியை மடிக்கணினி பேட்டரியில் ஓட்டி, டோங்கிளை ஒரு குட்டையான யுஎஸ்பி நீட்டிப்புக் கேபிளில் தள்ளி வைத்தால் மேலும் குறையும். கோடை மாலைகளில் இடி முழங்கத் தொடங்கியவுடன் ஆன்டெனா கேபிளைக் கழற்றி வீட்டுக்கு வெளியே விட்டுவிட வேண்டும். இதில் சலுகையே கிடையாது.

மென்பொருள் பகுதிதான் புதியவர்களைச் சோர்வடையச் செய்யும். விண்டோஸ் தானாக ஏற்றிக்கொள்ளும் டிவி டிரைவரை நீக்கி, ஸாடிக் என்ற சிறு நிரலால் வேறு டிரைவரை ஏற்ற வேண்டும். புதிய மாதிரிகளுக்கென்று தனி டிரைவர் தேவைப்படுவதும் உண்டு. கேட்பதற்கு எஸ்டிஆர்++ போதுமானது, விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடுகிறது, இலவசம். முதல் சோதனையாகக் கொடைக்கானல் பண்பலையின் 100.5 மெகாஹெர்ட்ஸைத் தேடிப் பிடித்தால் கருவி நலமாக உள்ளதா என்பது தெரிந்துவிடும்.

இந்தக் கருவியின் முழுப் பயனும் எஃப்டி8 என்ற டிஜிட்டல் முறையில்தான் வெளிப்படுகிறது. 1993இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஜோ டெய்லர், ஸ்டீவ் ஃபிராங்குடன் இணைந்து 2017இல் வெளியிட்ட இம்முறையில் ஒவ்வொரு செய்தியும் 15 விநாடி இடைவெளியில், 50 ஹெர்ட்ஸ் அகலத்துக்குள் அடங்குகிறது. காதுக்குக் கேட்காத அளவுக்கு இரைச்சலில் புதைந்த சமிக்ஞையையும் கணினி படித்துக் காட்டுகிறது. எஸ்டிஆர்++ தரும் ஒலியை மெய்நிகர் ஆடியோ கேபிள் (ஒரு மென்பொருளின் ஒலியை இன்னொன்றுக்குக் கடத்தும் நிரல்) வழியாக, எஃப்டி8ஐப் படிக்கும் டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் மென்பொருளுக்குக் கொடுத்து, யுஎஸ்பி எனப்படும் மேல் பக்கப்பட்டை முறையில் (இது கணினி இணைப்பின் யுஎஸ்பி அன்று) 14.074 மெகாஹெர்ட்ஸில் நிறுத்த வேண்டும். கணினியின் கடிகாரம் சில விநாடி பிசகினாலும் ஒரு வரிகூட வராது என்பதால், முதலில் அதை இணையத்துடன் ஒத்திசைத்துக்கொள்ளுங்கள். ஒன்பது எம் இரண்டு என்று தொடங்கும் மலேசிய அழைப்புக்குறிகள், இந்தோனேசியாவின் ஒய்பி, சிங்கப்பூரின் ஒன்பது வி ஆகியவை மாலையில் வரிசையாக இறங்குவதைப் பார்க்கும்போது, கொண்டுவிக்க, அதாவது கடல்கடந்து வணிகம் செய்யக் கப்பலேறிய நம் முன்னோர்களின் திசைகளெல்லாம் திரையில் வந்து நிற்கின்றன.

அப்படிப் படித்ததை பிஎஸ்கே ரிப்போர்ட்டர் என்ற இலவசச் சேவைக்குத் தானாக அனுப்பலாம். உங்கள் இருப்பிடம் உலக வரைபடத்தில் ஒரு புள்ளியாகவும், நீங்கள் கேட்ட நிலையங்கள் அதைச் சுற்றியும் தோன்றும். கேட்பவர்கள் குறைவாக உள்ள பகுதி என்பதால், இங்கிருந்து செல்லும் அறிக்கை மற்ற ஹாம்களுக்கு உண்மையிலேயே பயன்படுகிறது. இதற்கு, உலகைக் கட்டங்களாகப் பிரித்து இருப்பிடத்தைச் சுட்டும் மெய்டன்ஹெட் கட்டக் குறியீடு தேவை. காரைக்குடியும் கானாடுகாத்தானும் எம்கே90 கட்டத்தில் உள்ளன. பத்தாவது வடக்கு அட்சக்கோடு இடையில் ஓடுவதால், தேவகோட்டை மட்டும் எம்ஜே99இல் விழுகிறது. அடுத்தடுத்த ஊர்கள்தானே என்று ஒரே குறியீட்டை இட்டுவிடக் கூடாது.

நாம் காந்த நடுக்கோட்டுக்கு (பூமியின் காந்தப்புலம் கிடைமட்டமாக இருக்கும் கோட்டுக்கு) அருகில் வாழ்கிறோம் என்பதையும் இந்தத் திரை கற்றுக்கொடுக்கும். 1963இல் திருவனந்தபுரம் அருகே தும்பாவில் ராக்கெட் தளம் அமைந்ததற்குக் காரணமும் அந்தக் கோடுதான். சூரியன் மறைந்த பிறகு இங்கே அயனி மண்டலம் கொந்தளிப்பதால், சில இரவுகளில் சமிக்ஞைகள் படபடவென்று துடித்துக் கேட்கும். கருவி கெட்டுவிட்டது என்று எண்ணிவிட வேண்டாம்.

கருவி வாங்கத் தயங்குபவர்களுக்கு கிவிஎஸ்டிஆர் வலையமைப்பு இருக்கிறது. உலகின் பல இடங்களில் ஆர்வலர்கள் திறந்துவைத்துள்ள அலைவாங்கிகளை உலாவியிலேயே இயக்கலாம், எஃப்டி8 படிக்கும் வசதியும் அதிலேயே உள்ளது. நெதர்லாந்தின் ட்வென்டே பல்கலைக்கழகத்தில் இயங்கும் வெப்எஸ்டிஆர் இவ்வகையில் மூத்தது. ஒரே நிலையத்தை அங்கும் நம் மாடியிலும் ஒருசேரக் கேட்டு ஒப்பிடுவது மிகச் சிறந்த பயிற்சி. ஆயினும் சொந்தமாகக் கம்பி கட்டிக் கேட்பதற்கு இவை ஈடாகா.

மாணவர்களுக்கு நான் முதலில் காட்டுவது பன்னாட்டு விண்வெளி நிலையம். 145.800 மெகாஹெர்ட்ஸில், முன்கூட்டியே அறிவிக்கப்படும் நாட்களில், அது எஸ்எஸ்டிவி படங்களை (ஒலியாக மாற்றி மெதுவாக அனுப்பும் நிலைப்படங்களை) அனுப்புகிறது. பிடி120 முறையில் ஒரு படத்துக்கு ஏறத்தாழ இரண்டு நிமிடம் ஆகும். ஒவ்வொன்றும் 49 செ.மீ. நீளமுள்ள இரண்டு கம்பிகளை வி வடிவில் விரித்து மொட்டைமாடியில் வைத்தால் போதும், பத்து நிமிடக் கடப்பில் இரண்டு மூன்று படங்கள் கிடைக்கும். பழைய வழிகாட்டிகள் பலவும் நோவா வானிலைச் செயற்கைக்கோள்களைப் பரிந்துரைக்கின்றன. அவை 2025இல் நிறுத்தப்பட்டுவிட்டன. அவற்றுக்குப் பதிலாக ரஷ்யாவின் மீட்டியோர்-எம் வரிசையை சாட்டம்ப் மென்பொருளால் முயலலாம்.

கேட்டுப் பழகிய பின் உரிமத் தேர்வுக்கு விண்ணப்பிப்பதில் தாமதம் வேண்டாம். 12 வயது நிறைந்தவர்கள் தொடக்க நிலையான ரெஸ்டிரிக்டெட் பிரிவுக்கு எழுதலாம். அதற்கு மோர்ஸ் தந்திக் குறியீடு தேவையில்லை, தொலைத்தொடர்புத் துறையின் சரள் சஞ்சார் இணையதளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். 2004 டிசம்பரில் அந்தமானில் ஹாம் நிலையம் அமைக்கச் சென்றிருந்த பாரதி பிரசாத்தும் குழுவினரும், சுனாமியால் தொடர்பு அறுந்த தீவுகளிலிருந்து செய்திகளைக் கடத்தியதற்குப் பின்னால் இருந்தது இந்த உரிமமும் பயிற்சியும்தான்.

நல்ல சிற்றலைக் கருவியை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் கேட்பதற்கென்று ஆர்டிஎல்-எஸ்டிஆரை வாங்க வேண்டியதில்லை; ஆனால் தாங்கள் அனுப்பும் அலை எவ்வளவு அகலமாகப் போகிறது என்று சரிபார்க்க, ஆன்டெனா இணைக்காமல் வீட்டின் மறுகோடியில் வைத்து இதைப் பயன்படுத்திக்கொள்ளலாம்.