150 சிசி பிஎஸ்6 பைக்: எஞ்சின் தங்கம், எர்த் வயர் தலைவலி

அத்தை மவன் ஒருத்தன் திருச்செந்தூர்ல நான் வச்சிருக்கிற அதே மாடல்ல பழைய வண்டி ஒண்ணு பாத்து வச்சிருக்கான், வெல நல்லா இறங்கி வருது, வாங்கவான்னு கேட்டிருக்கான். போன்ல சொன்னா முடியாது, அதான் எழுதுறேன். கம்பெனி பேரு வேண்டாம். 150 சிசி, பிஎஸ்6, எஃப்ஐ (கார்புரேட்டர் இல்லாம கரண்டுல பெட்ரோல் பீச்சுறது), முன்னாடி மட்டும் ஏபிஎஸ், கிக்கர் கிடையாது. மத்த ஸ்பெக் எல்லாம் எல்லாருக்கும் தெரிஞ்சதுதான்.

நல்லத முதல்ல சொல்லிடுதேன். எஞ்சின்ல இதுவரைக்கும் ஒரு குறை கிடையாது. தூத்துக்குடில இருந்து திருநெல்வேலிக்கு நாலு வழி ரோட்ல 80ல நிலையா போனாலும் கைக்கு அதிர்வு வராது, மைலேஜ் லிட்டருக்கு 50க்கு குறையல, கியர் வெண்ணெயா விழும், சீட்டுல பின்னாடி உக்கார்றவங்களும் முதுகு வலின்னு சொன்னதில்ல. இந்த வெலைக்கு இப்படி ஒரு எஞ்சின் கிடைக்கிறது பெரிய விஷயம், அத மனசார சொல்லுதேன்.

கரண்டு பக்கம்தான் வயித்தெரிச்சல்.

2023 டிசம்பர் 17, 18ல பெஞ்ச மழைய எங்க பக்கத்து ஆளுக யாரும் மறக்க மாட்டாங்க, காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சு. எங்க தெருவுலயும் வண்டி எல்லாம் தண்ணிக்குள்ளதான் நின்னுச்சு. ஆயில் மாத்தி, ஏர் ஃபில்டர் மாத்தி, எல்லாம் காயவச்சு எடுத்தப்ப வண்டி ஒழுங்காதான் ஓடுச்சு. கொஞ்ச மாசம் கழிச்சு ஆரம்பிச்சுது. காலையில செல்ஃப அமுக்குனா ரிலேல "டிக்"னு ஒரு சத்தம், ஹேண்டில்ல இருக்கிற ஸ்பீடு மீட்டர் அணைஞ்சு திரும்பி வரும், கடிகாரம் பழையபடி 12ல வந்து நிக்கும். ஒரு நிமிஷம் கழிச்சு அமுக்குனா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஸ்டார்ட் ஆகிடும். எப்ப எடுக்கும் எப்ப எடுக்காதுன்னு தெரியாம ஒரு வண்டிய நம்பி வேலைக்குப் போறது இருக்கே, அது பெரிய கொடும. கிக்கர் இருந்தா ஒரு உதை உதைச்சிட்டுப் போயிடலாம். எஃப்ஐ வண்டில பெட்ரோல் பம்புக்கும், எஞ்சின கவனிக்கிற கம்ப்யூட்டரான ஈசியுவுக்கும் கரண்டு வேணும், பேட்டரி சுத்தமா இறங்கிப்போனா தள்ளி ஸ்டார்ட் பண்றதும் நிச்சயம் கிடையாது.

சர்வீஸ் சென்டர்ல விட்டேன். பேட்டரி வீக்னு புதுசு போட்டாங்க. கொஞ்ச நாள் நல்லா இருந்துச்சு, ஏன்னா புது பேட்டரி முக்கித்தள்ளி வேலைய பாத்துடுச்சு. திரும்ப அதே "டிக்". திரும்ப விட்டா, செல்ஃப் மோட்டார் இருக்கலாம்னு ஒருத்தர், வண்டி பூரா ஓடுற வயர்க்கட்ட, அதான் வயரிங் கிட்ட, முழுசா மாத்தணும்னு இன்னொருத்தர், அதுக்கு ஒரு எஸ்டிமேட் வேற. "எர்த் செக் பண்ணீங்களா"ன்னு கேட்டேன். எர்த்துன்னா கரண்டு பேட்டரி நெகட்டிவுக்குத் திரும்பிப் போற வழி. "கண்டின்யூட்டி பாத்தாச்சு சார், பீப் வருது"ன்னாங்க. வயர் அறுந்துருக்கான்னு மல்டிமீட்டர்ல பாக்குறதுதான் கண்டின்யூட்டி, அறாம இருந்தா பீப் அடிக்கும்.

இந்த பீப்தான் எல்லாத்துக்கும் காரணம். எங்க ஏரியா ஆட்டோ எலக்ட்ரீஷியன் அண்ணாச்சிகிட்ட இதச் சொன்னதும் அவரு சொன்னாரு, "பீப் வரத்தான் செய்யும் தம்பி, உள்ள ஒரே ஒரு நூல் கம்பி ஒட்டிக்கிட்டு இருந்தாலும் அது பீப் அடிக்கும். மோட்டார சுத்தவிட்டு பாக்கணும்." மல்டிமீட்டர் கண்டின்யூட்டில அனுப்புற கரண்டு ரொம்ப ரொம்ப கம்மி, செல்ஃப் மோட்டார் இழுக்கிறது பத்துக்கணக்குல ஆம்பியர். பாசி அடைச்ச குழாய்ல தண்ணி சொட்டுறத பாத்துட்டு குழாய் நல்லாருக்குன்னு சொல்ற மாதிரிதான் அந்த பீப், குடத்த வச்சாத்தான் தெரியும்.

அவரு செஞ்சத அப்படியே சொல்றேன், யாரு வேணா வீட்டுலயே பாக்கலாம், ஒரு சாதா டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். மீட்டர டிசி 20 வோல்ட்டுல வச்சு, கறுப்பு ப்ரோப பேட்டரி நெகட்டிவ் முனைலயே வைக்கணும், அதுல முடுக்கியிருக்கிற டெர்மினல்ல இல்ல, ஈய முனைல. சிவப்ப எஞ்சின்ல பெயிண்ட் இல்லாத ஒரு போல்ட்ல. இப்ப செல்ஃப் அமுக்கணும். எர்த் வழியில எவ்வளவு வோல்ட் வீணாப்போகுதுன்னு மீட்டர் காட்டும், எர்த் நல்லாருந்தா 0.2, மிஞ்சிப்போனா 0.3. என் வண்டில 1.7 காட்டுச்சு! அப்புறம் சிவப்பு ப்ரோப மட்டும் ஒவ்வொரு இடமா மாத்தி மாத்தி வச்சாரு, பேட்டரி பக்க டெர்மினல்ல ஒண்ணும் இல்ல, எஞ்சின் பக்கம் ரிங் டெர்மினலுக்கு வந்ததும் டக்குனு ஏறுச்சு. எங்க ஏறுதோ அங்கதான் கோளாறு. ஒரு பார்ட்டையும் கழட்டாம பத்து நிமிஷத்துல முடிஞ்சுது.

அந்த ரிங் டெர்மினல் இருக்கிற இடத்த பாத்தப்பதான் எனக்கு உண்மையிலேயே கோவம் வந்துச்சு. பேட்டரில இருந்து வர்ற தடி எர்த் வயரும், வயரிங் கிட்டோட எர்த்தும், ரெண்டையும் ஒரே போல்ட்ல, எஞ்சினுக்குப் பின்பக்கம், பின்வீல் வாரி இறைக்கிற தண்ணி நேரா வந்து அடிக்கிற இடத்துல கொண்டுபோய் முடுக்கி வச்சிருக்கான். மேல ஒரு ரப்பர் மூடி கூட இல்ல. அதனாலதான் செல்ஃபும் ஸ்பீடு மீட்டரும் சேந்து படுத்துருக்கு. வெளிய பாத்தா டெர்மினல் சும்மா கொஞ்சம் மங்கலா இருந்துச்சு, அவ்வளவுதான். அண்ணாச்சி பிளேடால மேல் உறைய ஒரு இன்ச் கீறி பிரிச்சாரு, உள்ள செம்புக் கம்பி எல்லாம் பச்சைப் பொடி, விரல்ல தேச்சா உதிருது, பாதி கம்பி அறுந்து கிடக்கு. கிரிம்ப் பண்ண, அதாவது டெர்மினல வயரோட நசுக்கிப் பிடிச்ச இடத்துல ஏறுன தண்ணி கம்பி இடுக்கு வழியா உறைக்குள்ளயே மேல ஏறிப்போகும், அப்புறம் காயவே காயாது. எங்க ஊரு காத்துலயே உப்பு, முத்தையாபுரம் பக்கம் போனா உப்பளத்த ஒட்டித்தான் ரோடே போகுது.

பச்சை தெரியாத இடம் வரைக்கும் வெட்டி எறிஞ்சுட்டு புது டெர்மினல் கிரிம்ப் பண்ணி சால்டர் வச்சு, மேல ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் போட்டாரு. எஞ்சின்ல போல்ட் உக்கார்ற இடத்த எமரி தாள் போட்டு பளபளன்னு தேச்சு, நல்லா முடுக்குனதுக்கு அப்புறம் மேல வாசலைன் அப்பி விட்டாரு. திரும்ப அளந்தா 0.1. மொத்த செலவு சில நூறு ரூபாய். வயரிங் கிட் எஸ்டிமேட் பல ஆயிரம். அன்னைலேர்ந்து "டிக்" சத்தம் கேக்கல.

நியாயமா பேசணும்னா வெள்ளத்துல நின்ன வண்டி, அதுக்கு கம்பெனிய முழுசா திட்ட முடியாது. ஆனா கடலோரத்துல விக்கிற வண்டிக்கு அந்த எர்த்த ஒரு அடி மேல கொண்டுபோய் சீட்டுக்கு அடியில வச்சிருந்தா என்ன? பேட்டரி மாத்துறதுக்கு முன்னாடி சர்வீஸ்ல ஒரு மீட்டர வச்சுப் பாத்திருந்தா என் பேட்டரி காசு மிச்சமாயிருக்குமே? பேட்டரி சந்தேகம் தீர மூணே அளவுதான். ராத்திரி பூரா சும்மா நின்ன பேட்டரி 12.6 வோல்ட்டுக்கு மேல இருக்கணும், செல்ஃப் சுத்தும்போது 10க்கு கீழ விழக்கூடாது, எஞ்சின் ஓடி கொஞ்சம் ஆக்சிலேட்டர் குடுத்தா 13.8ல இருந்து 14.5க்குள்ள ஏறணும். 15 தாண்டுனா சார்ஜ கட்டுப்படுத்துற ரெகுலேட்டர் போச்சு, புது பேட்டரியையும் அது வேக வச்சிடும். 13க்கே வரலைன்னா சார்ஜ் ஏறல, ரெகுலேட்டரையும், எஞ்சின்ல கரண்டு எடுக்கிற காயிலையும் பாக்கணும். மூணும் சரின்னா பேட்டரிய தொடக் கூடாது.

இவ்வளவு சொல்லியும் அத்தை மவனுக்கு என் பதில், வாங்காதடா. எஞ்சின பத்தி நான் சொன்னது எதையும் மாத்தல, ஆனா நீ இருக்கிறதும் கடல் பக்கம், அந்த வண்டியும் அந்த மழையில நின்ன வண்டியாத்தான் இருக்கும், ஒவ்வொரு மழைக்கும் அப்புறமும் டெர்மினல பிரிச்சுப் பாக்க உனக்கு பொறுமை கிடையாது. இன்னும் கிக்கரோட வர்ற வண்டியா பாரு.

ஏற்கனவே வச்சிருக்கிறவங்களுக்கு இன்னொண்ணு. பிரேக் அமுக்கும்போது இண்டிகேட்டர் லேசா மினுங்குதான்னு இருட்டுல பாருங்க. பல்பு இண்டிகேட்டர் இருக்கிற வண்டில அப்படி மினுங்குச்சுன்னா பின்லைட்டோட எர்த் விட்டுப்போச்சுன்னு அர்த்தம், பிரேக் லைட் கரண்டு திரும்பிப் போக வழியில்லாம இண்டிகேட்டர் வழியா சுத்திக்கிட்டுப் போகுது. எனக்கும் அது இருந்துச்சு, சீட்டுக்குப் பின்னாடி வயர்களச் சேக்குற கப்ளர்ல எர்த் பின் பச்சை பிடிச்சிருந்துச்சு. கழட்டுறப்ப நெகட்டிவ்வ முதல்ல கழட்டுங்க, மாட்டுறப்ப அத கடைசியா மாட்டுங்க. கான்டாக்ட் கிளீனர் அடிச்சு சின்ன பிரஷ்ல தேச்சா போதும், புது பல்பு புது ரிலேன்னு யாராவது சொன்னா காசு குடுத்துடாதீங்க.