பாணியா, கோப்பையா?

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் மாமாக் கடைகளில், ஒரு காற்பந்துக் குழுவுக்குப் புதுப் பயிற்றுநர் வந்தாலே தே தாரிக் ஆறும்வரை இந்த வாதம்தான். இங்கிலாந்தின் டோட்டன்ஹாம் குழுவின் முன்னாள் பயிற்றுநர் ஆஞ்ச் போஸ்டெகோக்லு இரண்டையுமே ஆடிக் காட்டியவர்.

முதலில் பாணி. 2023 நவம்பர், செல்சி ஆட்டம். இரண்டு சிவப்பு அட்டைகள் விழுந்து ஒன்பது பேரான பிறகும் தற்காப்பு வரிசை நடுக்கோட்டை ஒட்டியே நின்றது. பின்னால் அரைத் திடல் காலி. கோல்காவலர் விகாரியோ கோல்முனைப் பெட்டியை விட்டு ஓடிவந்து பந்தை வெளியேற்றிக்கொண்டே இருந்தார். 75ஆவது நிமிடம்வரை 1-1. கடைசியில் 1-4 தோல்வி. இப்படி முன்னேறி நிற்கும் ஆட்டமுறை முதலில் உடைவது பின்வரிசையில் இல்லை, முன்னால். பந்து வைத்திருப்பவரை நெருக்க ஒரு விநாடி தாமதித்தால் போதும், அவர் தலைநிமிர்ந்து பின்வரிசைக்கு மேலே தூக்கிப் போட்டுவிடுவார். திரும்பத் திரும்பப் பின்னோக்கி விரைந்தோடுவதால் தொடைத் தசையும் தாங்காது.

அடுத்து கோப்பை. 2025 மே, ஸ்பெயினின் பில்பாவோவில், ஐரோப்பியக் குழுக்கள் மோதும் யூரோப்பா லீக் இறுதி. நமக்கு விடியற்காலை 3 மணி. மென்செஸ்டர் யுனைடெட்டிடம் பந்தைக் கொடுத்துவிட்டு, டோட்டன்ஹாம் ஆட்டக்காரர்கள் தங்கள் பெட்டி விளிம்பில் நெருக்கமாக நின்றார்கள். பிரென்னன் ஜான்சன் 42ஆவது நிமிடத்தில் கோல். தற்காப்பு ஆட்டக்காரர் வான் டே வென் கோல் கோட்டின்மேல் பாய்ந்து ஒரு பந்தை எட்டி உதைத்தாரே, அதுதான் அந்த ஆட்டம். 17 ஆண்டுகளில் முதல் கோப்பை.

ஆனால் அதே பருவத்தில் இங்கிலாந்து பிரீமியர் லீக்கில் 22 தோல்வி, 17ஆவது இடம். கோப்பைக்குப் பதினாறு நாளில் வேலை போனது. ஒற்றை ஆட்டத்துக்குப் பெட்டியோரம் தாழ்ந்து நிற்கும் தற்காப்பே சரி. லீக்கின் 38 ஆட்டத்துக்கு அது போதாது, எதிரணிப் பெட்டிக்குள் பந்து போயாக வேண்டும்.